மரணத்தின் பின் எஞ்சுவது எது? – சமயங்களின் நம்பிக்கையும் கிரியையும்



சமயங்களை ஒப்பிடும் வினாக்களுக்கு எழுதப்படும் விடைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி இடம்பெறுகிறது. "இந்து சமயமும் பௌத்தமும் மறுபிறப்பை ஏற்கின்றன. ஆகவே ஆன்மா தான் செய்த வினைக்கேற்ப மீண்டும் பிறக்கிறது என்பது இவ்விரு சமயங்களுக்கும் பொதுவான கருத்தாகும்" என்பதே அது. இதன் முதற்பகுதி சரியானது. இரண்டாவது பகுதி பௌத்தத்தைப் பொறுத்தவரை முற்றிலும் பிழையானது. பௌத்தம் மறுபிறப்பை ஏற்கிறது. ஆனால் பிறந்து இறந்து வரும் ஆன்மா ஒன்றை அது ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாத மாணவர் அந்தியேட்டியையும் ஏழாம் நாள் தானத்தையும் பற்றி எவ்வளவு விபரம் எழுதினாலும் விடை மேலோட்டமானதாகவே இருக்கும்.

எனவே இப்பாடத்தில் மரணக் கிரியைகளைப் பட்டியலிடுவதை விடுத்து, அவற்றின் பின்னாலுள்ள ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு செல்வோம். மரணத்தின் பின் எஞ்சுவது எது? ஒரு சமயம் இக்கேள்விக்கு எவ்வாறு விடை சொல்கிறதோ, அதற்கேற்பவே இறந்தவரின் உடலை அது நடத்துகிறது.

இந்து சமயம்: உடல் அழியும், உயிர் அழியாது

இக்கேள்வி இந்து மரபில் மிகப் பழையது. கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் யமனின் வாசலில் மூன்று இரவுகள் காத்திருக்கிறான். யமன் மூன்று வரங்கள் தர முன்வருகிறான். மூன்றாவது வரமாக நசிகேதன் கேட்பது, இறந்த மனிதன் இருக்கிறானா இல்லையா என்பதன் விளக்கத்தையே. செல்வமும் நீண்ட ஆயுளும் தருவதாகக் கூறி யமன் அவனைத் திசைதிருப்பப் பார்க்கிறான். சிறுவன் இணங்கவில்லை. பிறப்பும் இறப்பும் அற்ற ஆன்மா பற்றிய உபதேசம் அதன் பின்னரே தொடங்குகிறது. மரணத்தின் தெய்வத்திடமே மரணத்தைப் பற்றிக் கேட்பதாக இந்நூல் அமைந்திருப்பது மாணவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் இதே கருத்தை, பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்தும் உவமையால் விளக்குகிறது.

சைவசித்தாந்தம் இதனை மேலும் நுணுக்கமாகக் கூறும். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதியானவை. பசு எனப்படும் உயிர்கள் எண்ணற்றவை. அவை படைக்கப்பட்டவை அல்ல, அழிவனவும் அல்ல. ஆணவம், கன்மம், மாயை ஆகிய மலங்களால் கட்டுண்டிருப்பதால் அவை பிறவி எடுக்கின்றன. மரணத்தில் நீங்குவது தூலவுடல் மட்டுமே. சூக்கும உடல் உயிரைப் பற்றிச் செல்லும். முற்பிறவிகளில் ஈட்டிக் குவிந்துள்ள வினை சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவிப்பதற்கென வந்தது பிராரத்தம். அதனை அனுபவிக்கும்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இம்மூன்றையும் இடம்மாற்றி எழுதுவது வழக்கமாக நேரும் தவறாகும். அத்வைத வேதாந்தம் ஆன்மாவும் பிரமமும் ஒன்றே எனக் கொள்வதால் சித்தாந்தத்திலிருந்து வேறுபடுகிறது. எனினும் உடல் அழிந்தபின் உயிருக்குப் பயணம் உண்டு என்ற அளவில் இரண்டும் உடன்படுகின்றன.

இந்நம்பிக்கையை மனதிற் கொண்டு யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் அபரக்கிரியையை நோக்குங்கள். உடலை நீராட்டி, கும்பம் வைத்து, சைவக்குருமார் கிரியை செய்வர். சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் ஓதப்படும். இறைவன் நீராடுவதற்கான வாசனைப் பொடியைப் பெண்கள் மகிழ்ந்து பாடி இடிப்பதாக மணிவாசகர் அமைத்த பதிகம் அது. அதில் ஒப்பாரிக்கு இடமில்லை. அத்தகைய பதிகத்தைச் செத்தவீட்டில் பாடுவதென்பது, உயிர் இறைவனை நோக்கிச் செல்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பொருந்தாத செயலாகவே இருக்கும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். வாய்க்கரிசி இட்டபின் உடல் சுடலைக்குக் கொண்டுசெல்லப்படும். கொள்ளி வைப்பவர் நீர்க்குடத்தைத் தோளிற் சுமந்து வலம் வர, குடம் துளையிடப்பட்டு நீர் ஒழுகும். முடிவில் குடம் உடைக்கப்படும். குடத்தை உடலாகவும் நீரை உயிராகவும் கொண்டு இதற்கு விளக்கம் கூறுவர்.

பின்னர் காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று கிரியைகள் தொடரும். அந்தியேட்டி என்ற சொல் 'அந்திய இஷ்டி' என்பதன் திரிபு. இறுதி வேள்வி என்பது அதன் பொருள். மனித உடல் அக்கினிக்கு அளிக்கப்படும் கடைசி அவி என்ற வேதகாலக் கருத்து அச்சொல்லிலேயே தங்கியுள்ளது. சாம்பலைக் கீரிமலை போன்ற தீர்த்தக் கரைகளிற் கரைப்பதும் இதனோடு தொடர்புடையதே. ஐம்பூதங்களால் ஆகிய உடல் ஐம்பூதங்களுக்கே திரும்புகிறது. உயிர் மீண்டும் அந்த உடலைத் தேட வேண்டியதில்லை. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பர்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்துக்கள் எல்லோரும் தகனமே செய்வர் என எழுதிவிடாதீர்கள். துறவிகளும் சிறு குழந்தைகளும் மரபாகவே அடக்கம் செய்யப்படுகின்றனர். கர்நாடகத்து வீரசைவர்கள் இலிங்கத்தைக் கையில் வைத்து அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வர். மலையகத்திலும் கிழக்கிலும் அடக்கம் செய்யும் இந்துக் குடும்பங்கள் பல.

பௌத்தம்: செல்பவர் இல்லை, தொடர்ச்சி உண்டு

பௌத்தத்தின் முக்குறிகள் அநித்தியம், துக்கம், அநாத்மம் என்பனவாகும். மனிதன் எனப்படுவது ஐந்து கந்தங்களின் சேர்க்கை. மணிமேகலை இவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனத் தமிழில் வழங்கும். தமிழ்மொழி மூல மாணவர்கள் பாளிச் சொற்களுடன் இச்சொற்களையும் பயன்படுத்தலாம். இந்த ஐந்தையும் தவிர உள்ளே நிலையாக இருக்கும் ஆறாவது பொருள் எதுவும் இல்லை என்பதே புத்தரின் போதனை.

அப்படியானால் மீண்டும் பிறப்பது யார்? வினையின் பயனை அனுபவிப்பது யார்? இது நீங்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. கிரேக்க மரபினனான மிலிந்தன் என்னும் அரசன் நாகசேன தேரரிடம் இதனையே கேட்டதாக மிலிந்தபஞ்ஹ நூல் கூறுகிறது. தேரர் உவமைகளால் விடை தருகிறார். இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல. அப்படியானால் வேறு வேறு விளக்குகளா? அதுவும் இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கிலிருந்து எந்தப் பொருளும் இரண்டாவதற்குத் தாவிச் செல்வதில்லை. ஆயினும் முதற்சுடர் இல்லாமல் இரண்டாவது சுடர் இல்லை. மறுபிறப்பும் அவ்வாறே.

வினைப்பயன் பற்றிய உவமை இன்னும் சுவையானது. ஒருவன் மாம்பழம் திருடிப் பிடிபடுகிறான். "உரியவர் நட்டது வேறு மாங்காய், நான் எடுத்தது வேறு மாங்காய், ஆகவே நான் குற்றவாளி அல்லன்" என்று அவன் வாதிட்டால் அரசன் ஏற்பானா? நட்டதிலிருந்தே இது விளைந்தது என்பதால் அவன் தண்டனைக்குரியவன். பிறவிதோறும் நிலையான ஆன்மா இல்லாவிடினும் வினையிலிருந்து எவரும் தப்ப இயலாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம். விடைகளில் விளக்கு உவமையை எழுதுவோர் பலர். மாங்காய் உவமையை எழுதுவோர் அரிது.

தேரவாத அபிதம்மத்தின்படி ஒரு பிறவியின் இறுதிச் சித்தம் மறைந்த மறுகணமே அடுத்த பிறவியின் முதற்சித்தம் தோன்றுகிறது. இடைநிலை எதுவும் இல்லை. திபெத்திய பௌத்தம் இதற்கு மாறாக 49 நாட்கள் வரை நீடிக்கக்கூடிய ஓர் இடைநிலையைக் கூறும். இலங்கையில் நிலவுவது தேரவாதம் என்பதால் ஒரு சிக்கல் எழுகிறது. இறந்தவர் அக்கணமே வேறெங்கோ பிறந்துவிட்டார் எனின், ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் ஆண்டு நிறைவிலும் அவர் பெயரால் தானம் கொடுப்பது ஏன்?

இதற்கு விடை காண இறுதிச் சடங்கைப் பார்ப்போம். பிக்குகள் வந்து பஞ்சசீலம் அளித்தபின், குடும்பத்தினர் புதிய வெள்ளைத் துணியைப் பிக்குகளுக்கு அளிப்பர். இது மதக வஸ்திர பூஜை அல்லது பங்சுகூலம் எனப்படும். ஆதியில் பிக்குகள் சுடலையிற் கிடந்த கந்தைத் துணிகளை எடுத்துத் தைத்து உடுத்தினர். அப்பழக்கத்தின் எச்சமே இன்றைய வெள்ளைத் துணி. தோன்றிய அனைத்தும் அழியும் என்ற பொருளுடைய பாளிச் செய்யுள் அப்போது ஓதப்படும். அதன்பின் உறவினர் சூழ்ந்திருந்து ஒரு பாத்திரத்திலிருந்து கிண்ணத்துள் நீர் வார்ப்பர்; கிண்ணம் நிறைந்து தட்டில் வழியும். மேட்டில் பெய்த மழை பள்ளத்தை அடைவது போல இங்கு கொடுக்கப்பட்டது மறைந்தோரை அடைக என்ற கருத்து அவ்வேளையில் ஓதப்படும். இக்கருத்து திரோகுட்ட சுத்தத்தில் உள்ளது.

அச்சுத்தத்தின் உரையில் மன்னன் பிம்பிசாரனின் கதை வருகிறது. அவன் புத்தருக்குத் தானம் அளித்தான். ஆனால் புண்ணியத்தை எவருக்கும் உரித்தாக்கவில்லை. அன்றிரவு பிரேதங்களாகப் பிறந்திருந்த அவனது பழைய உறவினர் பெருங்குரலிட்டுக் கதறினர். மறுநாள் அவன் மீண்டும் தானம் கொடுத்து அதன் புண்ணியத்தை அவர்களுக்கு உரித்தாக்கியபோது அவர்களது துன்பம் நீங்கியது.

அவரவர் வினை அவரவர்க்கே என்று கூறும் பௌத்தம் இதை எவ்வாறு ஏற்கிறது? கொடுப்பவர் புண்ணியத்தைப் பணப்பொதி போல் அனுப்பி வைப்பதில்லை. உறவினரின் நற்செயலை அறிந்து பிரேதநிலையில் உள்ளவர் மகிழ்ச்சியடைகிறார். அந்த அனுமோதனை அவர் தாமே செய்யும் நற்செயலாகி, அவருக்குப் பயன் தருகிறது. பிறருடைய தானத்தால் வாழும் ஒருவகைப் பிரேதங்களே இதனாற் பயன்பெறும் எனவும் நூல்கள் வரையறுக்கின்றன. வேறிடத்தில் பிறந்துவிட்டவருக்கு அது சேராவிட்டாலும் கொடுத்தவருக்குப் பயன் உண்டு. இறந்தவர் ஏழு நாட்கள் வீட்டைச் சுற்றியே இருப்பார் என்று கிராமங்களில் கூறப்படுவது மக்கள் நம்பிக்கை. அதனை அபிதம்மக் கருத்தாக எழுதக்கூடாது. கோட்பாட்டையும் வழக்காற்றையும் இவ்வாறு பிரித்துக் காட்டும் விடை பரீட்சகரின் கவனத்தை ஈர்க்கும்.

பௌத்தர்கள் தகனமும் செய்வர், அடக்கமும் செய்வர். புத்தரின் உடல் குசிநாராவில் தகனம் செய்யப்பட்டதென்றும், எஞ்சிய தாதுக்களைத் துரோணர் என்ற பிராமணர் எட்டுப் பங்காகப் பிரித்தார் என்றும் மகாபரிநிப்பான சுத்தம் கூறும். சைவர் சாம்பலைக் கடலில் கரைத்துவிட, பௌத்தர் புத்த தாதுவைத் தாதுகோபத்தில் வைத்துப் பேணுவது ஒப்பீட்டு விடைகளுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அனுராதபுரத்துத் தூபாராமமும் கண்டித் தலதா மாளிகையும் இதன் வழி எழுந்தவையே.

இஸ்லாமும் கிறிஸ்தவமும்: ஒரு வாழ்வு, ஒரு தீர்ப்பு

இவ்விரு சமயங்களிலும் மறுபிறப்பு இல்லை. மனிதனுக்கு உலகில் ஒரே வாழ்வுதான். இறுதி நாளில் இறந்தோர் உடலோடு எழுப்பப்பட்டு இறைவனின் தீர்ப்பைப் பெறுவர். இதனால் உடல் களைந்தெறியப்படும் ஆடையாகக் கருதப்படுவதில்லை.

இஸ்லாத்தில் ரூஹ் எனப்படும் ஆன்மா அல்லாஹ்வின் படைப்பு. சைவசித்தாந்தம் கூறுவது போல் அநாதியானதன்று. மரணத்துக்கும் மறுமை நாளுக்கும் இடைப்பட்ட வாழ்வு பர்ஸக் எனப்படும். இறந்தவரின் உடலைப் பொறுத்தவரை நான்கு கடமைகள் உள்ளன: குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, நல்லடக்கம். இவை பர்ழு கிபாயா ஆகும். அதாவது சமூகத்தில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் கடமை நீங்கும்; எவருமே செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகள். ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு ஐந்து எனத் தைக்கப்படாத வெள்ளைத் துணிகளால் கபனிடுவர். செல்வந்தருக்கும் ஏழைக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஜனாஸாத் தொழுகை நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர்களுடன் தொழப்படும். அதில் ருகூஉவும் சுஜூதும் இல்லை. கப்றில் உடல் வலப்பக்கமாகக் கிப்லாவை நோக்கி வைக்கப்படும். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்து நபிமொழியில் உண்டு. எனவே உடலை எரிப்பது இஸ்லாத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருப்பார். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை அது நீடிக்கும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவது இலங்கையில் பலரிடம் உள்ள வழக்கம். அதை ஏற்காதோரும் முஸ்லிம்களிடையே உள்ளனர்.

கிறிஸ்தவத்தின் நம்பிக்கை இயேசுவின் உயிர்ப்பை அடித்தளமாகக் கொண்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் மண்ணில் விதைக்கப்படும் விதையை உவமையாக்கி உடலின் உயிர்ப்பை விளக்குகிறார். சேமக்காலையில் அடக்கம் செய்வதே நெடுங்கால வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 1963 இல் தகனத்தை அனுமதித்தது. எனினும் சாம்பலைத் தூவாமல் புனித இடத்திற் பேண வேண்டும் என 2016 இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலைகளில் விளக்கேற்றி மன்றாடுவதும் உத்தரிப்பு ஸ்தலம் பற்றிய நம்பிக்கையோடு இணைந்தவை. புரட்டஸ்தாந்து சபைகள் உத்தரிப்பு ஸ்தலத்தை ஏற்பதில்லை. ஆகவே அவற்றின் அடக்க ஆராதனை உறவினரின் ஆறுதலையும் உயிர்ப்பின் நம்பிக்கையையும் முதன்மைப்படுத்தும்.

கிரியை தடைப்பட்டபோது: 2020–2021

இவையெல்லாம் பரீட்சைக்கு மட்டும் உரிய விடயங்கள் என்று எண்ணும் மாணவர் அண்மைக்கால இலங்கை வரலாற்றைப் பார்க்க வேண்டும். கொவிட்-19 தொற்றால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியானது. அடக்கம், தகனம் இரண்டையும் உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே இங்கு கூறப்பட்ட காரணம்.

தகனத்தைத் தம் சமய வழக்காகக் கொண்ட ஒருவருக்கு இது சுகாதார நடைமுறை மாற்றமாக மட்டும் தோன்றியிருக்கலாம். முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்கோ நான்கு கடமைகளில் ஒன்றுகூட முறையாக நிறைவேற்றப்படாமல், தடைசெய்யப்பட்ட ஒன்று தம் தாய்க்கோ தந்தைக்கோ நிகழ்ந்தது. கிறிஸ்தவர் பலரையும் இது பாதித்தது. 2020 டிசெம்பரில் பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தை ஒன்று தகனம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பொரளை கனத்தை மயானத்தின் வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். அத்துணி எதைக் குறித்தது என்பது கபன் பற்றிப் படித்த உங்களுக்கு விளங்கும். வேறு சமயத்தவரும் வந்து கட்டினர்.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வெளியாகி, மார்ச் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிப் பிரதேசத்தில் மஜ்மா நகரில் அடக்கங்கள் ஆரம்பமாயின. முஸ்லிம்களோடு ஏனைய சமயத்தவர் சிலரும் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். கட்டாயத் தகனத்திற்காக 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

விடை எழுதும்போது

ஒப்பீட்டு வினாவுக்கு ஒவ்வொரு சமயத்தையும் தனித்தனிப் பந்தியில் எழுதி, கடைசியில் "இவ்வாறு சமயங்கள் வேறுபடுகின்றன" என முடிப்பது ஒப்பீடு ஆகாது. ஓர் அம்சத்தை எடுத்து அதில் இரு சமயங்களையும் நேருக்கு நேர் நிறுத்துங்கள். உதாரணமாக, நீர். கொள்ளிக்குடத்து நீர் ஒழுகிக் குடம் உடைகிறது. பௌத்த சடங்கில் கிண்ணம் நிறைந்து வழிகிறது. முன்னது உயிர் உடலைப் பிரிவதைக் காட்டுகிறது. பின்னது உயிருள்ளோரின் புண்ணியம் மறைந்தோரை எட்டுவதைக் காட்டுகிறது. முன்னதில் பிரிந்து செல்லும் ஆன்மா உண்டு. பின்னதில் அவ்வாறு ஒன்று கூறப்படவில்லை. இவ்வளவும் ஒரே பந்தியில் அடங்கும்.

சொற்களிலும் கவனம் தேவை. பௌத்தர் பற்றி எழுதும்போது 'ஆன்ம சாந்தி' என்ற தொடரைத் தவிர்க்கவும். மரண அறிவித்தல்களிலும் அனுதாபச் செய்திகளிலும் எல்லோருக்கும் பொதுவாக அது வழங்குவதால் கை தானாகவே எழுதிவிடும். 'பிரேதம்' என்ற சொல்லும் தொல்லை தருவது. பேச்சுவழக்கில் அது பிணத்தைக் குறிக்கும். பௌத்த நூல்களில் அது ஒரு பிறவி நிலையைக் குறிக்கும். எந்தப் பொருளிற் பயன்படுத்துகிறீர்கள் என்பதை வாக்கியம் தெளிவாகக் காட்ட வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் ஆகியவற்றை ஒரே மனிதனின் வாழ்வை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

2. "ஆன்மா இல்லையெனில் வினைக்குப் பொறுப்பாளியும் இல்லை." இக்கூற்றுக்கு நாகசேனரின் மறுமொழி யாதாக இருக்கும்?

3. ஜனாஸாக் கடமைகள் பர்ழு கிபாயா எனப்படுவதன் சமூக முக்கியத்துவத்தை விளக்குக.

4. தகனம், அடக்கம் ஆகிய இரண்டில் ஒன்றை ஒரு சமயம் தேர்ந்துகொள்வதற்கும் உடல் பற்றிய அதன் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்க.

4 ஆம் வினாவுக்கு இரு சமயங்கள் போதுமானவை. வீரசைவரின் அடக்கத்தையும் 1963 இன் பின்னரான கத்தோலிக்கத் தகனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை மாறாமலே நடைமுறை வேறுபட முடியும் என்பதற்கு அவை இரண்டும் சான்று. முதலில் நீங்களே எழுதிப் பார்த்து, பின்னர் வேறு சமயத்தைச் சேர்ந்த சக மாணவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவரது சமயம் பற்றி நீங்கள் எழுதிய பந்தியை அவர் திருத்தட்டும்.